சீட்டுக் காசைச் சென்சரில் போடுவதற்கு முன்

சாவகச்சேரியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம், சாரம் இதுதான். அவருடையது 2007ஆம் ஆண்டு ரொயோட்டா அக்சியோ, 1,500 சிசி பெற்றோல் கார். யாழ்ப்பாண நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நாளாந்தம் அதில்தான் போய்வருகிறார். மாதத்தில் ஒரு நாள் தாயாரைப் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கும் கூட்டிச் செல்கிறார். ஒயிலும் எயார் பில்ரரும் மாற்றி சேர்விஸ் செய்து பத்தாவது நாள் மஞ்சள் எஞ்சின் லைற் எரிந்தது. அன்றிலிருந்து சந்தியில் நிற்கும்போது கார் நடுங்குகிறது. கண்டி வீதியில் ஏறி ஓடத் தொடங்கிவிட்டால் ஒரு குறையும் தெரிவதில்லை.

முதல் கராஜில் ஸ்கான் செய்து, பி0171 என்று குறியீடு வருகிறது, ஒட்சிசன் சென்சர் போய்விட்டது, புதிதாகப் போட 52,000 ரூபா, கூலி வேறு என்றார்களாம். இரண்டாவது இடத்தில் கழற்றிய சென்சர் ஒன்றை 18,000க்குத் தருகிறோம் என்றார்கள். உறவினர் ஒருவர் பற்றரி வயரைக் கழற்றிப் பூட்டினார். லைற் அணைந்தது, நான்கு நாளில் திரும்பவும் எரிந்தது. அவர் கையில் இருப்பது இம்மாதம் எடுத்த சீட்டுக் காசு 60,000. “சென்சரைப் போட்டுவிடவா? மெலிந்த கலவை என்றால் பெற்றோல் குறைவாகப் போகிறது என்றுதானே பொருள், அது நல்லதில்லையா? புகைப் பரிசோதனையில் தவறிவிடுமா? அடுத்த வாரம் வவுனியாவுக்குப் போகலாமா?” என்று கேட்கிறார்.

சகோதரி, சென்சரை இப்போது வாங்க வேண்டாம். 52,000 ரூபாச் சென்சரும் வேண்டாம், 18,000 ரூபாச் சென்சரும் வேண்டாம். அது பழுதாகியிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய அறிகுறிகள் அந்தப் பக்கம் கை காட்டவில்லை. அவை காட்டும் இடங்களைப் பார்க்க முதல் அரை மணி நேரத்துக்கு ஒரு சதமும் தேவையில்லை.

குறியீடு சொல்வது என்ன

பி0171 என்பது ஒரு பாகத்தின் பெயர் அல்ல. எஞ்சினுக்குள் வரும் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் காணாது, நான் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் கணக்குச் சரிவரவில்லை என்று எஞ்சின் கொம்பியூற்றர் எழுதி வைக்கும் முறைப்பாடு அது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதே அது பிடித்து வைக்க முயலும் அளவு. எயார் பில்ரர் பெட்டிக்கு அருகே உள்ள காற்றளவு சென்சர், அதாவது எம்.ஏ.எப் சென்சர், எவ்வளவு காற்று போகிறது என்று சொல்கிறது. அதற்கேற்பப் பெற்றோல் விடப்படுகிறது. எரிந்து வெளியேறும் புகையில் ஒட்சிசன் மிஞ்சுகிறதா என்று சைலன்சர் பக்கம் உள்ள ஒட்சிசன் சென்சர் பார்க்கிறது. மிஞ்சினால் “மெலிந்துவிட்டது” என்று சொல்கிறது.

அப்படியானால் ஒட்சிசன் சென்சர் தன் வேலையைச் செய்ததால்தான் லைற் எரிந்தது என்றும் இருக்கலாம் அல்லவா? எய்தவன் இருக்க அம்பை நோவானேன். குறியீட்டை வாசித்தவுடன் அதோடு தொடர்புள்ள சென்சரை மாற்றுவது கராஜ்களில் ஊறிப்போன பழக்கம். சென்சர் உண்மையிலேயே இறந்துவிட்டால் பெரும்பாலும் அதன் ஹீற்றரையோ மின்சுற்றையோ குறிக்கும் வேறு குறியீடுகளும் கூடவே வரும். உங்களுக்கு வந்தது ஒன்றே ஒன்று.

பெற்றோல் மிச்சம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். கலவை மெலிந்தால் கொம்பியூற்றர் சும்மா இருக்காது, பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போகும். அது கூட்டக்கூடிய எல்லை முடியும்போதுதான் லைற். கோளாறு திடீரென்று வந்ததுபோல் தோன்றுவதும் இதனால்தான். அதுவரை கொம்பியூற்றர் அதை உங்களுக்குத் தெரியாமல் சமாளித்துக்கொண்டிருந்திருக்கும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் காரையும் மோட்டார் சைக்கிளையும் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டிய ஊர் நம்முடையது. காபரேற்றரைக் காதால் கேட்டே சரிசெய்த கைகள் இன்னும் இங்கே இருக்கின்றன. ஆனால் குறையை மறைத்து ஓடும் எஞ்சினில் காது மட்டும் போதாது.

ஏன் நிற்கும்போது மட்டும் நடுக்கம்?

உங்கள் கடிதத்தில் மிகப் பெறுமதியான வரி இதுதான். கராஜில் இதைச் சொன்னீர்களா என்று தெரியவில்லை. உங்கள் எஞ்சின் சும்மா ஓடும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 2 கிராம் காற்றுதான் இழுக்கும். காற்றளவு சென்சரைத் தாண்டிய பிறகு ஏதோ ஒரு ஹோஸ் வெடிப்பால் 0.4 கிராம் காற்று கள்ளமாக உள்ளே வந்தால், கணக்கில் 20 சதவீதப் பிழை. அதே கார் வீதியில் 15 கிராம் இழுத்து ஓடும்போது அந்த 0.4 கிராம் 3 சதவீதம்கூட இல்லை. நின்றால் நடுங்கி, ஓடினால் சரியாகும் கார் பெரும்பாலும் எங்கோ கள்ளக் காற்று இழுக்கிறது.

அதோடு, லைற் வந்தது சேர்விஸுக்குப் பத்து நாள் கழித்து. எயார் பில்ரர் மாற்றும்போது பெட்டி மூடியைத் தூக்குவார்கள். மூடியோடு சேர்ந்த மடிப்பு மடிப்பான கறுப்பு ரப்பர் குழாயும் இழுபடும். பதினைந்து வருடத்துக்கு மேல் வெப்பத்தில் காய்ந்த ரப்பர், மடிப்பின் அடிப்பக்கத்தில் கீறிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் தெரியாது.

அரை மணி நேரம், செலவில்லாமல்

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, நிறுத்திய நிலையில் பொனற்றைத் திறவுங்கள். இந்த வரிசையில் பாருங்கள்.

1. ஒயில் பார்க்கும் கம்பி அடிவரை இறங்கி இருக்கிறதா, ஒயில் ஊற்றும் மூடி இறுக்கமா. சிரிக்காதீர்கள். இந்த எஞ்சினில் அந்தக் கம்பி அரைகுறையாக நின்றாலே கணக்கில் வராத காற்று, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் கிராங்க் அறை வழியாக உள்ளே போகும்.

2. பில்ரர் பெட்டியிலிருந்து த்ரொட்டில், அதாவது அக்சிலேற்றருக்கு ஏற்பக் காற்றைத் திறந்து விடும் வால்வு, வரை போகும் மடிப்புக் குழாய். இரு முனைக் கிளிப்புகளும் இறுகி இருக்கின்றனவா? குழாயை மெல்ல வளைத்து, கைத்தொலைபேசி லைற்றை அடித்து, அடிப்பக்க மடிப்புகளைப் பாருங்கள். எஞ்சின் மேல்மூடியிலிருந்து வந்து இந்தக் குழாயில் சேரும் சின்ன ஹோஸ் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். சேர்விஸில் மறக்கப்படுவது அதிகம் இதுதான்.

3. கிராங்க் அறை ஆவியை எஞ்சினுக்கே திருப்பி விடும் பி.சி.வி வால்விலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிர்ந்து கொடுக்கும் இன்ரேக் மனிபோல்டுக்குப் போகும், விரல் தடிப்பு ஹோஸ். ஒயில் ஆவியும் சூடும் பட்டு அது கல்லாகிவிடும். வளையும் இடத்தின் கீழ்ப்புறம் வெடிக்கும். விரலால் அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும்.

4. பிரேக் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்ரருக்குப் போகும் தடித்த ஹோஸ். இதற்குத் தனிச் சோதனை உண்டு: எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து தரம் மிதியுங்கள், மிதித்தபடியே ஸ்ரார்ட் செய்யுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காமல் கல்லாக நின்றால் காரை எடுக்க வேண்டாம். அது லைற் பிரச்சினை இல்லை, பிரேக் பிரச்சினை.

5. அணில், எலி கடித்த அடையாளம். வேலியோரம், மாமரத்தடியில் நிறுத்தும் கார்களில் இது விளையாட்டில்லை. பில்ரர் பெட்டிக்குள் தும்பும் சருகும் சேர்த்துக் கூடு கட்டியிருக்கும்.

பிறகு ஸ்ரார்ட் செய்து கேளுங்கள். கள்ளக் காற்று பலமுறை “ஸ்ஸ்” என்ற சத்தத்தோடு வரும். சந்தேகமான ஹோஸைத் துணி சுற்றிய குறட்டால் மெல்ல நசித்துப் பிடியுங்கள். எஞ்சின் சத்தம் சட்டென்று மாறி நடுக்கம் அடங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டார். மனிபோல்ட் பொருத்து, ஹோஸ் முனை போன்ற இடங்களில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தும் பார்க்கலாம், சத்தம் மாறும். வயர்ப் பொருத்துகளில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காபரேற்றர் கிளீனர் தெளித்துத் தேடும் பழக்கம் கராஜ்களில் உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் அது தீ, நீங்கள் செய்ய வேண்டாம். எஞ்சின் ஓடும்போது சேலைத் தலைப்பும் சாலும் தொங்காமல் செருகியிருக்கட்டும். பெல்ட்டும் விசிறியும் எச்சரிக்கை தராது.

வெடித்த ஹோஸ் கிடைத்தால் இன்சுலேசன் ரேப் சுற்றாதீர்கள், சூட்டில் பசை இளகிவிடும். தண்ணீர் ஹோஸை வெட்டிப் போடவும் விடாதீர்கள். ஒயில் ஆவியில் அது ஊதி மென்மையாகி, இழுவையில் சப்பிப் போகும். ஒயில் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு, அதே உள்விட்டத்தில், கிளிப்போடு வாங்குங்கள். வளைவு அச்சில் வார்த்த ஹோஸானால் அந்த மொடலுக்குரியதுதான் சரிவரும். எப்படியும் சென்சர் விலையின் சிறு பகுதிதான்.

திரையில் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லையா? அடுத்த செலவு பாகத்துக்கு அல்ல, அளவுக்கு. ஸ்கானரில் குறியீட்டை மட்டும் வாசித்துவிட்டு விலை சொல்கிறவரிடம், ஓடும்போதுள்ள நேரடி அளவுகளைக் காட்டச் சொல்லுங்கள். திரையில் எஸ்.ரி.எப்.ரி, எல்.ரி.எப்.ரி என்று இரண்டு வரி இருக்கும். முன்னது கொம்பியூற்றர் இந்த நொடியில் செய்யும் பெற்றோல் திருத்தம், பின்னது நாட்பட்டுப் பழகிய திருத்தம். இரண்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை கழித்தல் 10க்கும் கூட்டல் 10க்கும் இடையில் நின்றால் சுகம். கூட்டல் 20, 25 என்று போனால் கொம்பியூற்றர் மூச்சுவாங்குகிறது.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஏசியை நிறுத்தி, சும்மா ஓடவிட்டு ஒரு தரம் குறியுங்கள். பின் ஒருவர் றேஸ் பண்ணி 2,500 சுற்றில் ஒரு நிமிடம் பிடித்திருக்க, இன்னொரு தரம் குறியுங்கள். சும்மா ஓடும்போது 24, 2,500இல் 5 என்று இறங்கினால் கள்ளக் காற்றேதான். மேலே சொன்ன ஹோஸ்களையும் மனிபோல்ட் கஸ்கற்றையும் விடாமல் தேட வேண்டும். கராஜில் புகை விட்டுச் சோதிக்கும் இயந்திரம் இருந்தால் மிகச் சுலபம். மாறாக, சும்மா ஓடும்போது சரியாக நின்று, ஏற ஏறக் கூடினால் பெற்றோல் போதாமல் வருகிறது, அல்லது காற்றளவு சென்சர் குறைத்துச் சொல்கிறது. இரண்டு நிலையிலும் ஒரேயளவு கூடி நின்றால் காற்றளவு சென்சர், பெற்றோல் அழுத்தம், ஒட்சிசன் சென்சர் மூன்றிலும் கண் வைக்கலாம்.

இதை நீங்களே பார்க்க, புளூடூத்தில் கைத்தொலைபேசியோடு பேசும் சின்ன ஸ்கானர்கள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஆனால் ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்த சில கார்களில் அவை இணைவதில்லை. காரைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பற்றரி வயரைக் கழற்றியதால் நடந்தது என்னவென்றால், இந்த நெடுநாள் திருத்தமும், லைற் எரிந்த கணத்தில் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று பதிந்து வைத்த குறிப்பும் அழிந்துபோயின. இக்குறியீடு அடுத்தடுத்த இரு ஓட்டங்களில் பிழை தெரிந்தால்தான் லைற்றை எரிய வைக்கும். அதனால்தான் இடையில் சில நாள் நிம்மதி. ஸ்கான் செய்யும் முன் இனி அதைச் செய்யாதீர்கள்.

காற்றளவு சென்சரைக் கழுவுவது

எண்கள் அந்தப் பக்கம் காட்டினால், மாற்றும் முன் கழுவுங்கள். செம்மண் புழுதி, சரியாக அமராத பில்ரர், மலிவுப் பில்ரர் இவை மூன்றும் சேர்ந்தால் அதன் மயிரிழைக் கம்பியில் ஒரு படை படியும். பிறகு அது காற்றைக் குறைத்துக் காட்டும். எம்.ஏ.எப் கிளீனர் என்றே எழுதிய ஸ்பிரே மட்டும்தான் வேண்டும். பிரேக் கிளீனரோ காபரேற்றர் கிளீனரோ அதன் பிளாஸ்ரிக்கையும் பூச்சையும் தின்றுவிடும். சாவியை அணைத்து, பொருத்தைக் கழற்றி, இரண்டு ஸ்குரூவையும் கழற்றி எடுங்கள். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பத்துப் பன்னிரண்டு தரம் சிறு சிறு அடியாக ஸ்பிரே செய்யுங்கள். விரல், துணி, காது துடைக்கும் பஞ்சு, கொம்பிரசர் காற்று எதுவும் கம்பியைத் தொடக் கூடாது. இருபது நிமிடம் தானாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். பூட்டிய பிறகு ஸ்கானரால் பழைய திருத்தத்தை அழிக்க வேண்டும். இல்லையேல் கொம்பியூற்றர் பழைய பிழைக் கணக்கிலேயே சில நாள் ஓடும்.

பெற்றோல் பக்கம் சந்தேகமானால் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். இந்த எஞ்சினுக்கு 304 முதல் 343 கிலோபாஸ்கல் வரை, அதாவது 44 முதல் 50 பிஎஸ்ஐ வரை வர வேண்டும். அதற்குக் கீழே நின்றால் தாங்கிக்குள் உள்ள பம்பும் அதன் பில்ரரும். அளக்காமல் பம்பை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். கடையில் விற்கும் இன்ஜெக்ரர் கிளீனர் போத்தலை ஊற்றுவது கள்ளக் காற்றை அடைக்காது.

ஒட்சிசன் சென்சர் எப்போது குற்றவாளி

எல்லாம் சரியாக இருந்தும் எண் இறங்கவில்லை என்றால் அதற்கு வரலாம். அதற்கும் முன், சென்சருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை, புகை வெளியேறும் பக்க மனிபோல்ட் பொருத்தில் கரி படிந்த கோடு, குளிர்ந்த எஞ்சினில் “டிக் டிக்” சத்தம் உண்டா என்று பார்க்க வேண்டும். அந்த ஓட்டையால் வெளிக் காற்று உள்ளே இழுபட்டு, நல்ல சென்சரையும் பொய் சொல்ல வைக்கும். சென்சரைச் சோதிப்பதும் எளிது: மெக்கானிக் ஒரு ஹோஸைக் கணநேரம் கழற்றிக் கலவையை மெலிய வைத்து, பின் இன்ரேக்கில் சற்று எரிவாயுவோ ஸ்பிரேயோ விட்டுத் தடிக்க வைப்பார். திரையில் சென்சரின் அளவு உடனுக்குடன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்தால் அது உயிரோடு இருக்கிறது. அசையாமல் கிடந்தாலோ ஆமை வேகத்தில் நகர்ந்தாலோ அப்போது வாங்குங்கள், புதிதாக. கழற்றிய சென்சர் வேண்டாம். அது எத்தனை கிலோமீற்றர் ஒயில் புகையில் வெந்தது என்று விற்பவருக்கே தெரியாது, மின்சாரப் பாகத்தைத் திருப்பியும் எடுக்க மாட்டார்கள்.

கராஜில் உங்கள் பிடிமானம்

வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். ஸ்கானுக்கும் தேடும் நேரத்துக்கும் கூலி கொடுக்கத் தயங்காதீர்கள். தேடுவதற்குக் காசு கிடைக்காத இடத்தில்தான் பாகத்தை விற்றுப் பிழைக்க வேண்டி வருகிறது. அந்தப் பக்கத்து நியாயத்தையும் பார்க்கத்தான் வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் உங்களுக்குத் துணை. முறையிட வேண்டி வந்தால் 1977 என்ற அழைப்பிலக்கம் உண்டு, ஆனால் பற்றுச்சீட்டு இல்லாமல் போனால் சொல்ல ஒன்றும் இருக்காது.

புகைப் பரிசோதனையும் வவுனியாப் பயணமும்

பரிசோதனையில் சைலன்சர் வாயிலில் வரும் காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும்தான் அளப்பார்கள். மெலிந்த கலவையில் முதலாவது குறையும். ஆனால் நடுங்கும் எஞ்சினில் எரியாத பெற்றோல் வெளியேறி இரண்டாவது ஏறக்கூடும். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாளுக்கு முன் திருத்திவிட்டுப் போவதே நல்லது.

லைற் அசையாமல் எரிந்தால், பிரேக் மிதி நன்றாக இருந்தால், பள்ளிக்கூடத்துக்கும் கிளினிக்குக்கும் மெதுவாக ஓடலாம். லைற் கண் சிமிட்டத் தொடங்கினால் ஓரமாக நிறுத்துங்கள். சிலிண்டர் ஒன்று எரியாமல் விடுகிறது, அந்தப் பெற்றோல், புகையைச் சுத்தம் செய்யும் கற்றலிற்றிக் கொன்வேற்றருக்குள் போய் எரியும், அது உருகினால் நீங்கள் பயந்த 52,000க்கு மேலேயும் போகும். வவுனியாவுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். இப்போதைய நிலையில், தாயாரையும் ஏற்றிக்கொண்டு, வேண்டாம். பஸ்ஸிலோ ரயிலிலோ போய் வாருங்கள். இந்தச் சனிக்கிழமை காலையிலேயே அந்த மடிப்புக் குழாயின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். கோளாறு அதுவாகவே இருந்து மாற்றிவிட்டால், குறியீட்டை அழித்து, நூறு கிலோமீற்றர் இங்கேயே ஓடி, திருத்தக் கூட்டுத்தொகை 10க்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் காரிலேயே போகலாம்.